செகண்ட் ஷிஃப்டுக்குத் தலைவன் தேடிய கார்த்திகை

தம்பிமாரே, தங்கைமாரே, ரவுடிக் கும்பலுக்குப் படம் போடுவது எப்படி என்று போலீஸ் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மேலே ஒரு கட்டம், அதில் தலைவன். அவனுக்குக் கீழே இரண்டு கட்டம், வலது கை, இடது கை. அதற்கும் கீழே வரிசையாக அடியாட்கள். பார்க்கக் கொலுப்படி மாதிரி அழகாக இருக்கும். மேலதிகாரி வந்தால் சுவரில் மாட்டிக் காட்டலாம்.

நானும் ஓசூர் பக்கத்து நிலையங்களில் காவலராகச் சேர்ந்து, பாதிக் காலத்துக்கு மேல் ஏட்டம்மாவாகக் கழித்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். இப்போதும் யாராவது கொலுப்படி ஒன்றைக் கொண்டுவந்து, "மேல இருக்கவன் யாரு தெரியுமா?" என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு நல்ல மனுஷன் ஒரு வருஷம் உள்ளே போக இருந்தான் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

எங்கள் எல்லையில் அப்போது செகண்ட் ஷிஃப்ட் என்று ஒரு கும்பல். மற்ற ஊர்களில் கும்பலுக்குப் புலி, சிங்கம், கருநாகம் என்று பெயர் வைப்பார்கள். இது தொழிற்பேட்டை ஊர் அல்லவா? இங்கே ரவுடிகூட ஷிஃப்ட் கணக்கில்தான் யோசிப்பான். ஆரம்பத்தில் அவர்கள் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்த பையன்கள். தர்மபுரி, சேலம், ஊத்தங்கரை என்று பல பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், உள்ளூர் தெலுங்கு வீட்டுப் பையன்கள், கன்னட வீட்டுப் பையன்கள் எல்லாம் கலந்த கூட்டம். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நடந்து வருகிறவர்களிடம் செல்போன் பறிக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அவர்களை அடித்து விரட்டுவதற்காகத்தான் இவர்கள் முதலில் சேர்ந்தார்கள். நல்ல காரியம்தான். நாங்களே தட்டிக் கொடுத்தோம்.

பிறகு ஒப்பந்தம் முடிந்து வேலை போயிற்று. கை சும்மா இருக்குமா? கம்பெனிகளிலிருந்து வெளியே போகும் இரும்புக் கழிவை, அதாவது ஸ்க்ராப்பை, எந்த லாரியில் யார் ஏற்றுவது என்று இவர்கள் முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். கேட்காத லாரிக்குக் கண்ணாடி போகும். ஒரு முறை கேள்வி கேட்ட டிரைவர் ஒருவருக்குக் கையே போயிற்று. நாமக்கல்காரர். இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் அவருக்கு அவர் மனைவி சோறு ஊட்டிவிட்டதை நான் பார்த்தேன். அதனால் இவர்களைப் பற்றி நான் சிரித்துக்கொண்டு பேசினாலும் செல்லம் கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்களுக்குக் கஷ்டம் கொடுத்தது அவர்கள் தைரியம் அல்ல, அவர்கள் இருந்த இடம். மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒருவனை அடித்துவிட்டு, அவன் அழுது முடிப்பதற்குள் கர்நாடகத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நாங்கள் இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். அவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து டம்ளரைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து புதிய ஆய்வாளர் ஒருவர் வந்தார். வெடுக்கென்று பேசுவார், சீக்கிரம் சிரிப்பார், அதைவிடச் சீக்கிரம் கோபப்படுவார். வந்ததும் தன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி செகண்ட் ஷிஃப்டுக்குப் படம் போட ஆரம்பித்தார். கீழ்க்கட்டங்கள் சுலபமாக நிரம்பின. ஏ ஷிஃப்டுக்கு ஒரு இன்சார்ஜ், பி ஷிஃப்டுக்கு ஒரு இன்சார்ஜ், சி ஷிஃப்டுக்கு ஒரு இன்சார்ஜ். ஆமாம், ரவுடித்தனத்துக்கும் மூன்று ஷிஃப்ட். கம்பெனியில் கற்றதை வீணாக்கவில்லை. வார விடுமுறை உண்டு. ஆள் வராவிட்டால் மாற்று ஆள் உண்டு. ஷிஃப்ட் மாறும்போது பொது செல்போனைக் கைமாற்றிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் மேலே இருந்த கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. அந்தக் காலிக்கட்டம் ஆய்வாளருக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி ஆகிவிட்டது.

கார்த்திகை மாதம் பிறந்தது. திடீரென்று ஊர் அமைதியாகிவிட்டது. கண்ணாடி உடையவில்லை, மிரட்டல் இல்லை, ஒரு சட்டைக்காலர் பிடி கூட இல்லை. பொதுவாக இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? போலீஸ்காரருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

"ஏட்டம்மா, பயலுவ ஒரு மாசமா சத்தமே இல்லாம கெடக்கானுவ. எனக்குச் சரியாப் படல" என்றார் ஆய்வாளர். "ஏதோ பெருசா பண்ணப் போறானுவ."

மாவட்டத் தலைமையிடத்திலிருந்த பெரிய அதிகாரிக்கும் அதே பயம். தினமும் போன். "அமைதியா இருக்கானுங்கன்னா யாரோ அடக்கி வெச்சிருக்கான்யா. அவன் யாரு?" என்று கேட்டார்.

அதற்குப் பதில், ஸ்க்ராப் சீனா என்பவனுடைய பழைய செல்போனிலிருந்து வந்தது. சீனா பி ஷிஃப்ட் இன்சார்ஜ். அவனுடைய செல்போனை முந்தைய வழக்கு ஒன்றில் கைப்பற்றி, அதிலிருந்த பேச்சுகளை எழுதித் தரும்படி தலைமையிடத்துக்கு அனுப்பியிருந்தோம். பேச்செல்லாம் கன்னடம். அங்கே கன்னடம் தெரியும் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தமிழில் எழுதி அனுப்பினார். அவருக்குத் தெரிந்த கன்னடம் பெங்களூரில் பஸ் விசாரிக்கும் அளவுக்கு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் எழுதிய தாள்களில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர். குரு சொல்கிறார். குரு வருகிறார். குருவிடம் வருகிறேன். குருவுக்குச் சாப்பாடு ஆகிவிட்டதா?

"பாத்தீயளா? சாப்பாட்டக் கூட விசாரிக்கானுவ. எவ்வளவு பயம், எவ்வளவு மரியாதை!" என்று சொல்லி ஆய்வாளர் பலகையின் மேல்கட்டத்தில் 'குரு' என்று எழுதினார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, புதுவீட்டுக்கு நிலை வைத்தவர் மாதிரி பார்த்தார்.

நான் உத்தனப்பள்ளிக்காரி. வீட்டில் தமிழ், கழனியில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவள். அந்தப் பேச்சைக் காதால் கேட்டிருந்தால் அங்கேயே சிரித்திருப்பேன். தமிழில் எழுதி வந்ததால் கண்ணும் ஏமாந்தது, புத்தியும் ஏமாந்தது.

பெயர் கிடைத்துவிட்டால் ஆள் கிடைக்க எத்தனை நேரம்? இரண்டு காவலர்களை வேட்டி கட்ட வைத்து அனுப்பினோம். அவர்கள் ஓடிவந்து சொன்ன செய்தியில் நிலையமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கெலமங்கலம் சாலையில் ஒரு லேத் பட்டறை. அங்கே வேலை செய்யும் மாதப்பன் என்பவர் வீட்டுக்கு சாயங்காலமானால் செகண்ட் ஷிஃப்ட் பையன்கள் வருகிறார்கள். ஏ ஷிஃப்ட் இன்சார்ஜும் வருகிறான், சி ஷிஃப்ட் இன்சார்ஜும் வருகிறான். வந்தவுடன் அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார்கள். அவர் உட்காரச் சொன்னால்தான் உட்காருகிறார்கள். ஊரெல்லாம் அவரைக் குருசாமி என்று கூப்பிடுகிறது.

உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். மாதப்பன் வருஷா வருஷம் சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். அது அவருக்குப் பதினெட்டாவது மலை. மாலை போட்டவர்கள் குருசாமி காலில் விழுவது வழக்கம். இது ஆய்வாளருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும், அவரும் மலைக்குப் போனவர்தான். அதனால்தான் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"இதவிட நல்ல மறைவு உண்டுமா? கறுப்பு வேட்டி கட்டிட்டா எல்லாரும் சாமி. உள்ள இருக்கது யாருன்னு எவன் கண்டான்?" என்றார்.

சொன்ன விதத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது. தம்பிமாரே, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிவை எடுத்துவிட்ட பிறகு பார்க்கிற ஒவ்வொன்றும் அந்த முடிவுக்குச் சாட்சி சொல்லும். அவர் ஒழுக்கமாக இருந்தால் நடிக்கிறார் என்போம். ஒழுக்கம் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெரிய அதிகாரிக்கு அறிக்கை போயிற்று. லாரி டிரைவர் கை முறிந்த வழக்கில் மாதப்பனைத் தூண்டிவிட்டவராகச் சேர்ப்பது, பிறகு குண்டர் சட்டத்தில் வைக்கச் சொல்லி எழுதுவது என்று திட்டம். அந்தச் சட்டத்தில் போனால் ஒரு வருஷம் வெளியே பார்க்க முடியாது. "மலைக்குக் கிளம்புறதுக்குள்ள புடிச்சிருங்க. ஏற்கெனவே ரெண்டு மாநிலத்துல அலையறோம். அவன் கேரளாவுக்குப் போனா மூணாவது மாநிலம் ஆயிடும்" என்று போனில் உத்தரவு வந்தது.

இருமுடி கட்டும் காலையில் போனோம். சின்னப் பிள்ளையார் கோயில். வாசலில் பஸ் நிற்கிறது. உள்ளே சரண கோஷம். மாதப்பன் பாய் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் கண்ணைத் திறந்து நெய் நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தென்னங்கன்று. பதினெட்டாவது மலைக்குப் போகிறவர்கள் அதைச் சுமந்துகொண்டு போய் வைப்பது வழக்கம்.

ஆய்வாளர் அவர் காதருகில் குனிந்து, "கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வரணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஐந்து காக்கிச்சட்டை கோயிலுக்குள் வந்தால் அதற்கு மேல் சத்தம் எதற்கு? சரணம் நின்றுபோயிற்று.  மாதப்பன் கையிலிருந்த நெய்யைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்ன நினைத்தாரோ, தென்னங்கன்றையும் தூக்கிக்கொண்டார்.

நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. முதல் முறை மாலை போட்ட மகனின் கையை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா. "டேய், வாடா வூட்டுக்கு. ரவுடிங்களோட போவறதுக்கா மாலை போட்டு வுட்டன்? இத்தன வருஷமா நம்மள ஏமாத்தினு இருந்துக்கிறான் அந்த ஆளு" என்றாள். மாதப்பன் நடந்தபடியே அதைக் கேட்டார். அவர் கழுத்து குனிந்தது. அதை நான் பார்த்தேன். ஆனாலும் ஜீப் கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார், மடியில் தென்னங்கன்று. ஆய்வாளர் எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குக் கீழ எத்தன பேரு?"

"கீழ மேலன்னு யாரும் இல்லிங்க சாமி. முப்பது பேருக்கு மேல வராங்க."

"உத்தரவு யாரு குடுக்கது?"

"எனக்கு மேல இருக்கவரு."

ஆய்வாளர் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். குருவுக்கு மேலேயும் ஒருவனா? பலகையில் மேலே கட்டம் போட இடமே இல்லையே!

"மேல இருக்கவரு யாரு?"

"அய்யப்பன் சாமி."

ஒரு காவலர் வெளியே ஓடிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். ஆய்வாளர் அசரவில்லை.

"ஸ்க்ராப் சீனாவத் தெரியுமா?"

"தெரியுங்க சாமி. போன வருஷம் மாலை போட்டான். நடுவுல பிரியாணி துன்னுட்டான். இந்த வருஷம் நீ வராதடான்னு நானே தள்ளி வெச்சிட்டன்."

"பாத்தீயளா ஏட்டம்மா? தப்புப் பண்ணுனா தள்ளி வச்சிருதான்" என்று ஆய்வாளர் என்னிடம் முணுமுணுத்தார். சொன்னேன் அல்லவா, எல்லாமே சாட்சி சொல்லும்!

அடையாளம் காட்டுவதற்காக சீனாவைக் கூட்டி வரச் சொன்னார். சீனா பழைய வாரண்டில் அன்று காலைதான் எங்களிடம் மாட்டியிருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, தாடி மண்டிப் போய் வந்து நின்றான். பெஞ்சில் மாதப்பனைப் பார்த்ததும் பதறிப்போனான்.

"என்னாத்துக்கு குரு அவரப் போயி கூட்டியாந்தீங்க?" என்றான்.

 சீனா பார்த்துக்கொண்டிருந்தது ஆய்வாளரை.

"யாரக் குருங்கிற?" என்றார் ஆய்வாளர்.

"உங்களத்தான் குரு."

"நானாடா குரு?"

"எல்லாரும் குருதான் குரு. டீக்கடைக்காரர கூப்பிட மாட்டமா? கண்டக்டர கூப்பிட மாட்டமா? பெங்களூர்ல அப்பிடித்தான் பேசுவாங்க. நம்ம பக்கம் மச்சான்னு சொல்றம் இல்ல, அந்த மாதிரி."

எனக்குப் பொறி தட்டியது. மேஜையிலிருந்த தமிழ்த் தாள்களை எடுத்து ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் கன்னடத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். குரு சொல்கிறார் என்று எழுதியிருந்தது 'ஹேளு குரு.' அதாவது, சொல்லு மச்சான். குருவிடம் வருகிறேன் என்பது 'பர்த்தினி குரு.' வரேன் மச்சான். குருவுக்குச் சாப்பாடு ஆகிவிட்டதா என்பது 'ஊட்ட ஆய்த்தா குரு?' சாப்பிட்டியா மச்சான்? ஒரு மாதமாக நாங்கள் இரண்டு மாநிலத்தில் வலை விரித்துத் தேடியது ஒரு மச்சானை! கெலவரப்பள்ளி அணையில் மலை மாதிரி நுரை நிற்குமே, கையில் அள்ளினால் ஒன்றும் இருக்காது, அந்தக் கதைதான் எங்கள் குருவின் கதையும்.

நான் சொல்லச் சொல்ல ஆய்வாளர் முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "எங்கூர்ல அண்ணாச்சிம்போம். எவனாது அதக் கேட்டுட்டு வந்து அண்ணாச்சிய அரெஸ்ட் பண்ணுனா எப்படி இருக்கும்? ஊரே உள்ள போயிருக்கும்லா!" என்றார்.

"அப்ப உங்க தலைவன் யாருடா?" என்று சீனாவைக் கேட்டார்.

"தலைவனா? ஷிஃப்ட்ல இருக்கவன் பாத்துக்குவான். ஏ இன்சார்ஜும் சி இன்சார்ஜும் மாலை போட்டுக்கினு போயிட்டானுங்க, ரிலீவர் கூட இல்ல. ஒரு மாசமா ஏ, பி, சி எல்லாம் நான் ஒருத்தனே. ஒருத்தனக் கூட மெரட்ட முடில. தூக்கம் வருது குரு, கொஞ்சம் படுக்கவா?"

பெரிய சதி என்று நாங்கள் பயந்த அமைதிக்குக் காரணம் அதுதான். விரதம். கும்பலில் ஆள் பற்றாக்குறை.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. ஆய்வாளர் பெரிய அதிகாரிக்குப் போன் செய்தார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"தலைவன் இல்லாம கும்பல் எப்படிய்யா இருக்கும்? தல இல்லாம உடம்பு நடக்குமா?"

"நடக்குது அய்யா. ஷிஃப்ட் போட்டு நடக்குது."

"வெளையாடாத. மேல எழுதி அனுப்பியாச்சு. கட்டம் காலின்னு நான் எப்பிடிப் போய்ச் சொல்றது? இப்போதைக்கு அவனையே வை. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பாத்துக்கலாம் என்ற சொல் நம் துறையில் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். சில பேருக்கு அது ஆயுள் முழுக்க நீண்டிருக்கிறது. ஆய்வாளர் போனைக் காதில் வைத்தபடியே திரும்பினார். கண்ணாடி வழியாகப் பெஞ்சு தெரிந்தது. மாதப்பன் தென்னங்கன்றின் ஓலையில் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். தன்னை வைத்து என்ன பேச்சு நடக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

"கட்டம் காலியா இருக்குன்னு ஒரு மனுசனப் புடிச்சு உக்கார வைக்க, அது என்ன பஸ் சீட்டா அய்யா? நான் அவர விடுதேன். எழுத்துல கேட்டா எழுத்துல பதில் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த போன் மறுபடி அடிக்குமா என்று அதையே பார்த்தார். பயப்படாத ஆள் என்று நான் நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் செய்தார். அதனால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

நான் என் அனுபவத்துக்கு ஏற்ப யோசனை சொன்னேன். "அய்யா, பின்னாடி கேட் வழியா அனுப்பிரலாம். வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. சத்தமில்லாம முடிஞ்சிரும்."

"நாம முன்வாசல் வழியாத்தான கூட்டிட்டு வந்தோம் ஏட்டம்மா? சத்தமா வந்த அவமானம் சத்தமில்லாம எப்படிப் போவும்?" என்றார்.

மறுபடியும் ஜீப். மறுபடியும் கோயில். பாதிப் பேர் கலைந்திருந்தார்கள். மீதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் பாதி கட்டிய இருமுடிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த அம்மா மகனின் மாலையைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மகன் மாலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றான்.

மாதப்பன் இறங்கினார். ஒருவரும் சரணம் சொல்லவில்லை. ஆய்வாளர் பேசுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். தவறான தகவல், விசாரணை முடிந்தது என்று ஏதாவது சொல்வார் என்று நானும் நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெல்ட்டைக் கொடுத்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, மாதப்பன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். காக்கிச்சட்டை புழுதியில் கிடந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. மறைக்கக் கையும் இல்லை, ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் பெல்ட்.

மாதப்பன் பதறி அவர் தோளைத் தொட்டார். "எழுந்துருங்க சாமி, எழுந்துருங்க. இன்னும் பாதித் தேங்காய்க்கு நெய் நெரப்பல" என்றார்.

அந்த அம்மா மகனின் கையை விட்டாள். "போய் உக்காருடா சாமிகிட்ட" என்றாள். யாரோ ஒருவர் சரணம் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்கும்படி பதில் சரணம் வந்தது. அந்த நேரம் பார்த்து பஸ் ஜன்னலிலிருந்து செகண்ட் ஷிஃப்டின் சி இன்சார்ஜ் தலையை நீட்டிக் கத்தினான்.

"குரு! உங்க ஷூவ நாய் தூக்கினு ஓடுது குரு!"

ஓடித்தான் போயிற்று. இரண்டு காவலர்கள் துரத்தியும் ஒற்றை ஷூதான் மிஞ்சியது. மாநில எல்லை அந்த நாய்க்கும் தெரிந்திருந்தது போல.

பஸ் கிளம்புமுன் மாதப்பனிடம் நான் கேட்டேன். "இந்தப் பசங்க வெளிய என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா சாமி?"

"தெரியும்மா. மாலை போட்டிருக்க வரைக்கும் என் பொறுப்பு. கழட்டிட்டா உங்க பொறுப்பு" என்றார்.

அவர் பொறுப்பை அவர் சுத்தமாகச் செய்தார். தென்னங்கன்று மலை சேர்ந்தது. எங்கள் பொறுப்பு, அவர்கள் திரும்பி வந்து மாலையைக் கழற்றிய இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஒரு லாரிக் கண்ணாடி. ஆய்வாளர் "அப்பாடா" என்றார். இந்த முறை எங்களுக்குத் தலைவன் தேவைப்படவில்லை. செல்போன் கைமாறுகிற ஷிஃப்ட் மாற்ற நேரத்தில் இரண்டு இன்சார்ஜும் ஒரே இடத்தில் நிற்பார்கள் அல்லவா? இரண்டு மாற்றத்துக்குக் காத்திருந்தோம், ஏ, சி இன்சார்ஜ்களும் சீனாவுக்கு மாற்றாக வந்தவனும் மூன்று பேருமே மாட்டினார்கள். சீனா உள்ளேயே இருந்தான், தூங்கிக்கொண்டு. நாமக்கல் டிரைவர் வந்து, கையை உடைத்தவனைத் தானே அடையாளம் காட்டினார்.

ஆனால் கோயில் வாசலில் யாரோ எடுத்த போட்டோ அதற்குள் போன் போனாகச் சுற்றியிருந்தது. கும்பல் தலைவன் காலில் ஆய்வாளர் என்று தலைப்பு. சீருடையை அவமதித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான் பல விதமாக எழுதித் தந்தேன். கால் இடறி விழுந்ததாகக்கூட ஒன்று எழுதினேன். அவர் எதையும் வாங்கவில்லை. 'அவர் குற்றவாளி இல்லை என்று அவருடைய தெருவுக்குச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை' என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். கண்டனத் தண்டனை கொடுத்தார்கள். அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை.

தண்டனைத் தாள் வந்த அன்று ஆய்வாளர் நிலையத்தில் எல்லாருக்கும் கேசரி வாங்கி வரச் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எதுக்குங்கய்யா கேசரி? நல்லது பண்ணதுக்குத் தண்டன குடுத்திருக்காங்க, நீங்க இனிப்பு வாங்கித் தரீங்க" என்றேன்.

அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு மனுசன் ஒரு வருசம் உள்ள கெடக்கதுக்குப் பதிலா எனக்கு ஒரு தாளு. சல்லிசுல்லா ஏட்டம்மா? சாப்பிடுங்க."